இலவசக் குடையின் விலை

நாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு எம்.கே.பி. நகர் என்று பெயர். பேருந்தின் நெற்றியிலும் கடித உறைகளிலும் இந்த மூன்று எழுத்துக்களே காணப்படுகின்றன. அவற்றுள் மகாகவி பாரதியார் அடங்கியிருக்கிறார் என்பதை எங்கள் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று ஒரு நாள் விசாரித்துப் பார்த்தேன். விடை திருப்தியளிப்பதாக இல்லை. அது நிற்க. 1906-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ பத்திரிகையில் அந்தப் பாரதியார் ஆதரித்து எழுதிய ஸ்தாபனங்களுள் ஒன்று தூத்துக்குடிச் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. அதைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் நம் கடலில் ஓடிய விக்டோரியா மகாராணி காலத்துப் புகைக் கப்பல்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தறியும் ஏரும் பேசவேண்டிய இப்பத்திரிகையில் கப்பலுக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஒரு சிப்பம் துணி தறியிலிருந்து இறங்கிய பிறகு அதன் விலையில் எவ்வளவு பங்கு வண்டிக்கும் கப்பலுக்கும் தரகுக்கும் போகிறது என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்ணால் கண்டவன். நெய்தவனுக்கும் விளைவித்தவனுக்கும் கிடைக்கும் விலையைச் சந்தை நிச்சயிக்கிறது என்று சொல்கிறோம். அந்தச் சந்தைக்குப் போகும் வழி யார் கையில் இருக்கிறதோ, அவருக்கும் அந்த நிச்சயத்தில் பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். இதற்கு நீராவிக் கப்பல்களின் சரித்திரத்தைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

புகைக் கப்பல் நம் கரைக்கு வந்த கதை நீண்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். பி அண்ட் ஓ கம்பெனியின் ‘இந்துஸ்தான்’ என்னும் சக்கரக் கப்பல் 1842-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு வந்து, கல்கத்தா, சென்னை, இலங்கையின் காலி, சூயஸ் ஆகிய துறைகளை இணைக்கும் தபால் சேவையைத் தொடங்கி வைத்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் ரயில் வண்டி ஓடிற்று. அதே 1856-இல் வில்லியம் மக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரியின் முயற்சியால் கல்கத்தா–பர்மா கப்பல் கம்பெனி தோன்றியது. கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டு செல்லும் அரசாங்க ஒப்பந்தமே அதற்கு அஸ்திவாரம். 1862-இல் அது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றி மாதக்கணக்கில் கொண்டு வந்த லங்காஷயர் துணியும் நூலும் சில வாரங்களிலேயே நம் கடற்கரையில் வந்து இறங்கலாயின.

இறங்கின என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். சென்னைக்கு அப்போது துறைமுகம் ஏது? கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் நம் மீனவர்கள் அலைகளைத் தாண்டிப் போய், ஆளையும் சரக்கையும் இறக்கி வருவார்கள். ஆணியடித்த படகாயிருந்தால் அந்த அலை இரண்டு நாளில் உடைத்துவிடும். 1876-இல் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பரில் வீசிய புயல் சிதைத்தது. பிறகு கட்டி முடித்த கிழக்கு வாயிலிலும் மணல் வந்து சேர்ந்துகொண்டே இருந்ததால், 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடிவிட்டு வடகிழக்கில் புதிய வாயிலை அமைக்கச் செய்தார். ஆகவே விக்டோரியா காலம் முழுவதும் சென்னை வியாபாரம் அந்தப் படகோட்டிகளின் தோள்வலிமையில்தான் நடந்தது. அவர்களுக்கு ஒரு சிலைகூட இல்லை என்பதை வழியோடு சொல்லி வைக்கிறேன்.

இக்கப்பல்களால் நெசவாளருக்கு நேர்ந்தது என்ன? திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையை எல்லோரும் அறிவார்கள். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டையாயிற்று. கம்பெனிக் கப்பல்களுக்குத் துணி போதவில்லையே என்று வெள்ளைக்காரர் நெசவாளரைத் தேடி ஊர் அமைத்துக் கொடுத்த காலம் அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கடல் வழியாக மான்செஸ்டர் மல் துணி வந்து காலடிப்பேட்டைக்காரன் மகனின் தறியை நிறுத்திற்று. ஒன்று மட்டும் தப்பியது. கட்டம் போட்ட சென்னைக் கைக்குட்டைத் துணி சென்னையில் ஏற்றப்பட்டு, லண்டன் வியாபாரிகளின் கை மாறி, மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்துத் தங்கள் சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். நெய்தவன் ஆப்பிரிக்காவைக் கண்டதில்லை. உடுத்தவன் சென்னையைக் கண்டதில்லை. இடையிலிருந்த லண்டன்காரன் இருவரையும் நன்றாக அறிந்திருந்தான்.

விவசாயிகளின் கதையும் வேறல்ல. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது திருநெல்வேலிப் பருத்திக்கும் கோயமுத்தூர்ப் பருத்திக்கும் பொன் விலை கிடைத்தது. போர் நின்றதும் விலையும் போயிற்று. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது கப்பலில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைபோலக் குவிந்து கிடக்க, உள்நாட்டில் மக்கள் மடிந்தார்கள். கரையில் பிழைக்க வழியற்றவர்களை அதே புகைக் கப்பல்கள் வெளிநாட்டுத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றன. சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஆள் ஏற்றிய ‘உம்லாசி’யின் பெயர் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் ஆவணங்களில் இன்றும் இருக்கிறது.

இனி, ஒரு கப்பல் எப்படிப் பிறந்து எப்படி வாழ்ந்து எப்படி முடிந்தது என்று பார்ப்போம். பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் பிறக்கும். இளமையில் தபால் ஒப்பந்தத்தோடு முதல் தரமான மார்க்கத்தில் ஓடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் புதிய இயந்திரம் வந்துவிடும். ஒரே நீராவியை இரண்டு உருளைகளில் வேலை வாங்கிய இயந்திரம் போய், 1880-களில் மூன்று உருளைகளில் வாங்கும் இயந்திரம் வந்தபோது, அதே தூரத்துக்கு நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது. பழைய கப்பலில் பழுது ஒன்றும் இராது. ஆயினும் கரிக் கணக்கில் அது நஷ்டக் கப்பல். உடனே அது விற்கப்பட்டு, பெயரும் கொடியும் மாறி, தளத்திலே பாய் விரித்துப் படுக்கும் ஏழைப் பிரயாணிகளை ஏற்றும். கிளாஸ்கோவில் 1890-இல் கட்டிய ‘ஸ்டுபென்ஹூக்’ என்னும் ஜெர்மன் கப்பல் ‘சிசிலியா’ ஆயிற்று. பிறகு ஜப்பானியர் கைக்குப் போய் ‘கோமகாட்டா மாரு’ ஆயிற்று. 1914-இல் குர்தித் சிங் வாடகைக்கு அமர்த்த, 376 இந்தியருடன் கனடாவுக்குப் போய், கரையிறங்க அனுமதியின்றித் திருப்பியனுப்பப்பட்டது அதுவே. பின்னர் ‘ஹெயன் மாரு’ என்று பெயர் பெற்று 1926-இல் ஜப்பானின் வடகரையில் உடைந்தது. முப்பத்தாறு ஆண்டுகளில் நான்கு பெயர்கள்!

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தன் கப்பல்களுக்கு நம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தது. 1881-இல் கட்டிய ‘குவெட்டா’ ஒன்பதே ஆண்டுகளில், 1890 பிப்ரவரி 28 இரவு, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கடற்படத்தில் குறிக்கப்படாத பாறையில் மோதி மூழ்கியது. 134 உயிர்கள் மாண்டன. 1890-இல் கட்டிய ‘பாசில்கா’ பிஜித் தீவுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்று, 1919-இல் பெரிய நிக்கோபார்த் தீவருகே தரைதட்டி முடிந்தது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு ஒரு கப்பல் மூழ்குவது என்பது, ஆயிரம் தறிக்காரனுக்கு ஒரு நாடா ஒடிவதைப் போன்றது. இரண்டு கப்பல் வைத்திருப்பவனுக்கோ கப்பல் மூழ்கவே வேண்டியதில்லை. ஒரு பருவம் கூலி இறங்கினாலே போதும்.

இதை நன்கு உணர்ந்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். அவர்கள் கையாண்ட ஆயுதங்களுள் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் பேரப்பிள்ளை இன்றும் நம் ஊர்களில் திரிகிறது. கல்கத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலோட்டிய கம்பெனிகள் 1875-இல் ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் கூலியைக் குறைப்பதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டன. இரண்டொரு ஆண்டுகளில் அவர்கள் ‘தள்ளிவைத்த தள்ளுபடி’ என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதன் வகை இது: ஒரு வியாபாரி ஆறு மாதத்தில் ஆயிரம் ரூபாய் கப்பல் கூலி செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்குப் பத்து, அதாவது நூறு ரூபாய், அவருக்குத் திருப்பித் தரப்படும். ஆனால் உடனே அல்ல. அடுத்த ஆறு மாதமும் கழிந்த பிறகு. அந்த ஓராண்டில் ஒரே ஒரு சிப்பத்தை வேறொரு கம்பெனிக் கப்பலில் ஏற்றினாலும் நூறு ரூபாயும் போயிற்று. பழைய பாக்கி கைக்கு வரும்போது புதிய பாக்கி ஒன்று அவர்கள் பையில் இருக்கும். ஆகையால் என்றைக்குமே வெளியே வர முடியாது. தன் பணத்தாலேயே தன்னைக் கட்டிப் போடும் கயிறு அது. இதைப் பற்றிப் பிரிட்டனிலேயே முறையீடுகள் பெருகி, 1906-இல் ஒரு ராஜாங்க விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டு 1909-இல் அறிக்கை அளித்தது.

நூல் சிட்டத்தை முன்பணமாகக் கொடுத்து, கூலியில் பாதியைக் கணக்கில் நிறுத்தி வைத்து, ‘தீபாவளிக்குத் தருகிறேன்’ என்று சொல்லும் தனிவியாபாரியை நம் அங்கத்தினர்கள் பார்த்ததில்லையா?

அந்தக் கயிற்றை அறுக்க முதலில் முயன்றவர்களுள் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஒருவர். அவர் போட்டிக்கு இறங்கியது நூலுக்காகவே என்பது நமக்குக் குறிப்பாகத் தெரிய வேண்டும். பம்பாய் ஆலை நூல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்க்கொண்டிருந்தது. பி அண்ட் ஓவும் அதன் கூட்டாளிகளும் வைத்ததே கூலி. 1890-களின் நடுவில் டாட்டா ஜப்பானியக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து, ‘ஆனி பாரோ’ முதலிய கப்பல்களை வாடகைக்கு அமர்த்திக் குறைந்த கூலிக்கு ஓட்டினார். எதிர்க்கட்சி கூலியை வெட்டித் தரையில் தள்ளியது. ஜப்பானுக்குப் பஞ்சை இனாமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. டாட்டாவை வாழ்த்திய அதே ஆலைக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். டாட்டா கப்பல்களைத் திருப்பியனுப்பினார். பிறகு கூலி மறுபடி ஏறிற்று, யாரை நோவது?

வங்காளத்தில் கவி ரவீந்திரநாதரின் அண்ணன் ஜோதிரிந்திரநாதர் 1884-இல் ‘சரோஜினி’ என்ற நீராவிப் படகைக் குல்னா–பாரிசால் நீர்வழியில் ஓட்டினார். போட்டி முற்றியபோது பிரயாணிகளுக்குக் கட்டணமும் இல்லை, தின்பண்டமும் இலவசம் என்று அவரே அறிவித்துவிட்டார். கூட்டத்துக்குக் குறைவில்லை, நஷ்டத்துக்கும் குறைவில்லை. கடைசியில் ‘ஸ்வதேசி’ என்ற அவர் படகு ஹௌரா பாலத்தில் மோதி மூழ்கியது. பக்தி கணக்குப் பார்க்காது, கரிக்காரன் பார்ப்பான்.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். 1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், ரூ.25 வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். உயிர்நாடியாக நின்றவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1904-இல்தான் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நமக்கு அண்டையிலுள்ள திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தொடங்கப்பட்டதும் அவ்வாண்டே. இரண்டும் வேறு வேறு சட்டத்தின் கீழ்ப் பிறந்தவையாயினும், இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு என்பது எளியவர் பலரை ஒன்று சேர்க்கும் எண்ணத்தில் பிறந்தது என்று சொல்வேன். பத்து லட்சத்தைப் பத்துத் தனவந்தர்களிடம் வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

முதலில் வாடகைக் கப்பல்களை வைத்துத் தொழில் தொடங்கினார்கள். வாடகைக்குக் கொடுத்தவரை எதிர்க்கட்சி மிரட்டியதும் அந்தக் கப்பல்கள் போயின. சொந்தக் கப்பல் இல்லாமல் ஆகாது என்று வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டு 1907-இல் தூத்துக்குடித் துறைக்கு வந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றலாம். அந்த எண்களை மறுபடி படித்துப் பாருங்கள். கொழும்புக்கும் தோட்டங்களுக்கும் போய் வந்த ஏழை எளியவருக்காகவே ஓடிய கப்பல் அது.

தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு ஏஜெண்டுகள் ஏ. அண்டு எப். ஹார்வி, அவர்களே அங்குள்ள பஞ்சாலைக்கும் முதலாளிகள். சென்னையில் அக்கம்பெனிக்கு ஏஜெண்டுகள் பின்னி. எங்கள் வீட்டுக்கு அருகே பெரம்பூரில் 1990-களில் மூடப்படும்வரை சங்கு ஊதிக்கொண்டிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும் அவர்களுடையவையே. நூல் நூற்பவரும், நூலை ஏற்றுபவரும், ஏற்றும் கூலியை நிச்சயிப்பவரும் ஒருவராகவே இருந்தால் எதிரே நிற்கும் கைத்தறிக்காரனுக்கு என்ன மிஞ்சும்? 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தினார். கப்பலையும் ஆலையையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

அதன் பின் நடந்தது ஊரறிந்தது. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. வெள்ளைக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு, ஏறியவருக்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. வ.உ.சி. 1908 மார்ச்சு 12-இல் கைதாகி, ஜூலை 7-இல் இரண்டு ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். கம்பெனி அதற்குள், 1911-இல், கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் ஏலத்தில் போயின.

மேடைகளில் இக்கதையைச் சொல்பவர்கள் அரசாங்கத்தின் கொடுமையையும் வெள்ளையரின் சூழ்ச்சியையும் சொல்லி அமர்ந்துவிடுகிறார்கள். அவை பொய்யல்ல. ஆயினும் எனக்கு எப்போதும் மனத்தில் நிற்பது அந்தக் குடைதான். குடையை நீட்டியவன் வெள்ளைக்காரன். வாங்கக் கை நீட்டியவர் யார்? கொழும்பு வெயிலில் கூலி வேலைக்குப் போகிற ஒருவர், எட்டணா மிச்சமும் ஒரு குடையும் கிடைக்கிறதென்று அந்தப் பக்கம் ஏறியிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. பங்கு வாங்கிய வியாபாரிகளும், அரசாங்கத்தின் கோபத்துக்கு அஞ்சி ஒதுங்கிய பெரிய மனிதர்களும் ஏழையல்லவே. அவர்களை அவ்வளவு எளிதில் விட மாட்டேன். எதிர்க்கட்சி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு நஷ்டம் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைத் தாங்கும் நிதி கம்பெனியிடம் இல்லை என்பதும் தெரியும். ஒவ்வொரு பயணத்துக்கும் கரி வாங்கியாக வேண்டும். அந்நிலையில் கூடுதல் பங்கோ, ‘ஓராண்டு எங்கள் சரக்கு உங்களுக்கே’ என்ற எழுத்தோ கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். அவ்வாறு போதிய பேர் கொடுத்திருந்தால், தலைவர் சிறைப்பட்ட மூன்றே ஆண்டுகளில் கம்பெனியைக் கலைக்க நேர்ந்திராது.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. நான் அங்கத்தினனாயிருக்கும் சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, சங்கம் கொடுக்கும் கூலிக்கு மேல் புடவைக்கு இருபது ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் பாதித் தறிகள் அவருக்குப் போயின. சங்கம் ஒப்புக்கொண்ட ஆர்டரைக் குறித்த காலத்தில் கொடுக்க முடியாமல் கொள்முதல்காரரை இழந்தது. அடுத்த பொங்கலுக்குள் அந்த வியாபாரி இருபது ரூபாயை நிறுத்தியதோடு, பழைய கூலியிலும் பத்து ரூபாய் குறைத்தார். கேட்டதற்கு, “சங்கத்துக்கே போய்க்கொள்ளுங்கள்” என்றாராம். சங்கத்தில் அப்போது நூல் வாங்கப் பணமில்லை. மிளகாய் விளைவிக்கும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, “எங்கள் ஊர்க் களத்தில் இது வருஷா வருஷம் நடக்கிறது, மாமா, நீங்கள் இப்போதுதான் பார்த்தீர்களா?” என்று சிரித்தார்.

அங்கத்தினர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அது அநியாயம். அன்று தறியை மாற்றியவர்களுள் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சங்கத்திலிருந்து வரவேண்டிய கூலி அவருக்குப் பதினோரு வாரம் பாக்கி. மகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டிய தேதி கடந்துவிட்டது. வியாபாரி மாலையில் துணியை வாங்கி மாலையிலேயே பணத்தை எண்ணிக் கொடுத்தார். பதினோரு வாரம் காக்க வைக்கும் நிர்வாகக் குழுவுக்கு விசுவாசம் என்ற சொல்லை உச்சரிக்க உரிமையில்லை. மறியலும் தீர்மானமும் எதற்கு? துணியைப் பெற்ற பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்கட்டும். அதன் பிறகு வெளியே விற்பவரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். லாபம் வரும் ஆண்டில் போனசையும் சேமநிதியையும் எடைபோடும்போது, கை எப்போதும் போனசின் பக்கமே சாய்கிறது. விலை யுத்தம் வந்தால் ஒரு பருவத்துக்காவது தாங்கும்படி ஒரு தனி நிதி நம்மிடம் இருக்கிறதா? பெரும்பாலான சங்கங்களில் இல்லை. காலியாவும் லாவோவும் ஏலம் போனது இந்த ஓட்டையால்தான்.

தாங்கி நின்றவர்களும் உண்டு. கனடிய பசிபிக் கம்பெனிக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட ‘எம்ப்ரஸ் ஆப் இந்தியா’ 1891 முதல் வாங்கூவருக்கும் ஹாங்காங்குக்கும் இடையே ஓடிய அழகிய வெள்ளைக் கப்பல். ஜப்பானியப் பட்டும் சீனத் தேயிலையும் பசிபிக் கடலைக் கடந்தது அதன் வயிற்றில். ‘இந்தியாவின் சக்கரவர்த்தினி’ என்பது விக்டோரியாவின் பட்டம். அந்தச் சக்கரவர்த்தினி முதுமையடைந்த பின், 1914-இல் குவாலியர் மகாராஜா விலைக்கு வாங்கி, போரில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவக் கப்பலாக்கி, ‘லாயல்டி’ என்று பெயரிட்டார். 1919-இல் வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் முரார்ஜியும் கூட்டாளிகளுடன் அதை வாங்கிச் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1919 ஏப்ரல் 5-இல் அது பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாளே இன்று தேசியக் கடல்வழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. விழாவில் சொல்லாத செய்தி ஒன்றுண்டு: அந்தக் கப்பல் அவர்களுக்கு லாபம் தரவில்லை. 1923-இல் பம்பாயிலேயே உடைக்கப்பட்டது. கம்பெனியைக் காப்பாற்றியவை அதன் பின் வாங்கிய சரக்குக் கப்பல்களும், மூன்று நான்கு ஆண்டுக் கூலி யுத்தத்தைத் தாங்கிய மூலதனமும். அப்படியும் 1923-இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, இவ்வளவு டன்னுக்கு மேல் கப்பல் வைப்பதில்லை என்ற விலங்கைத் தானே பூட்டிக்கொண்டது. சரணாகதி என்று அன்று பலர் ஏசினார்கள். ஏசியவர்களில் எத்தனை பேர் பங்கு வாங்கியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். உயிரோடிருந்ததால்தான், சுதந்திரத்துக்குப் பிறகு கரையோர வியாபாரம் இந்தியக் கப்பல்களுக்கே என்று ஒதுக்கப்பட்டபோது ஓட்டுவதற்கு அதனிடம் கப்பல் இருந்தது.

அந்தக் கம்பெனிகளின் கொடிகள் இன்று கடலில் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா 1914-இலேயே பி அண்ட் ஓவுடன் இணைந்து, பிற்பாடு பெயரும் மறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 அக்டோபர் முதல் கப்பல் கம்பெனிகள் கூடிக் கூலி நிச்சயிப்பதற்கு அளித்திருந்த விலக்கை நீக்கிவிட்டது. எனினும் வழி சிலர் கையிலேயே இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் பெட்டக லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றின் மேல் எழுதியுள்ள கம்பெனிப் பெயர்களை நான் எண்ணுவது வழக்கம். இரண்டு கை விரல்களுக்கு மேல் போவதே அரிது. 2021-இல் கொரோனாவை அடுத்து ஒரு பெட்டகத்தின் கூலி பன்மடங்கு ஏறியபோது, கைத்தறித் துணியும் வெங்காயமும் ஏற்றுபவர்கள் வாயடைத்து நின்றார்கள்.

நம்மால் கப்பல் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஆனால் ஒரு பெட்டகத்தை நிரப்ப முடியும். சிறு சங்கம் பத்துச் சிப்பம் அனுப்பினால் ஏஜெண்டின் பெட்டகத்தில் மூலையில் இடம் பிடித்து, இடத்துக்கேற்ற கூலியும் அதற்கு மேல் கையாட்கூலியும் கொடுக்கிறது. அதே வாரத்தில் அதே துறைமுகத்துக்கு இன்னொரு சங்கம் எட்டுச் சிப்பம் அனுப்பியிருக்கும், இருவருக்கும் தெரியாது. கணக்கெழுதிய எனக்குத் தெரியும், சொல்ல அதிகாரமில்லை. நெசவாளர் சங்கங்களும் விளைவிப்போர் சங்கங்களும் சேர்ந்து, சென்னையில் ஒரே ஒரு குமாஸ்தாவை வைத்து, யார் எதை எப்போது அனுப்புகிறார்கள் என்று ஒரு பேரேட்டில் எழுதினால் போதும். ஈரம் கொண்ட சரக்கைத் துணியோடு வைக்கலாகாது என்பன போன்ற இடையூறுகள் உண்டு. அவற்றைத் தீர்ப்பது பிரம்ம வித்தையல்ல.

வருகிற மகாசபைக்கு நான் எழுத்து மூலம் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறேன். சென்ற மூன்று ஆண்டுகளில் சங்கம் வண்டிக்கூலிக்கும் கப்பல் கூலிக்கும் தரகுக்கும் செலுத்திய தொகை எவ்வளவு, யார் யாருக்கு, சிப்பம் ஒன்றுக்கு எவ்வளவு வீதம் என்பதே கேள்வி. காரியதரிசி, அவ்வாறு பிரித்துக் கணக்கு வைக்கவில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார். ரசீதுகள் இருக்குமல்லவா, நானே உட்கார்ந்து பிரித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.